வலி பிளாஸ்திரி ஒட்டுறீங்களா? மரத்துப் போனால் வலி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை!

12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. உலை பக்கம் வேலை பார்ப்பவர்கள் உஷார்

கும்மிடிப்பூண்டி:

புதுவாயல், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று இந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு உடம்பு வலி புதிது இல்லை. கம்பி தூக்குகிறவருக்கு தோள்பட்டை, 8 மணி நேரம் மிஷின் முன்னால் நிற்கிறவருக்கு முழங்கால், நாத்து நடுகிற அக்காமார்களுக்கு இடுப்பு, லாரி ஓட்டுகிறவருக்கு கழுத்து. எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு வலி கதை இருக்கும்.

முன்பெல்லாம் இதற்கு தைலம், மூசாம்பரப் பற்று, வெந்நீர் ஒத்தடம். முதுகில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பெல்லடோனா பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு திரிந்த தாத்தாக்களையும் பலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது மருந்துக்கடையில், ஆன்லைனில் விதவிதமாக வலி பிளாஸ்திரி வந்துவிட்டது. "அண்ணே, வலிக்கு ஒட்டுறது ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் ஏதோ ஒன்று கைக்கு வரும். ஒட்டிக்கொண்டு அடுத்த ஷிப்டுக்குப் போய்விடலாம்.

அது என்ன பிளாஸ்திரி? உள்ளே என்ன மருந்து? எத்தனை மணி நேரம் வைக்கலாம்? இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. கேட்காமல் ஒட்டினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நாலு பிளாஸ்திரி, நாலு வேலை

பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு.

முதல் வகை, குளிர்ச்சி அல்லது சூடு காட்டும் பிளாஸ்திரி. இதில் இருப்பது மெந்தால், கற்பூரம், மீதைல் சாலிசிலேட். நம்ம வீட்டு தைலத்தை துணியில் தடவி ஒட்டின மாதிரி. தோலில் ஜில்லென்றோ எரிச்சலாகவோ ஒரு உணர்ச்சி போகும். அந்த உணர்ச்சி வலியை மூளை கவனிக்காமல் திசை திருப்பிவிடும். அடிபட்ட இடத்தைக் கையால் தேய்த்தால் வலி குறைவது போல் தெரிகிறதே, அதே கதைதான். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் கலந்த பிளாஸ்திரியும் உண்டு. மிளகாயின் காரமும் புதினாவின் குளிர்ச்சியும் நரம்புக்கு எப்படித் தெரிகிறது என்று கண்டுபிடித்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூடியன் இருவருக்கும் 2021-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது வகை, வீக்கத்தைக் குறைக்கும் பிளாஸ்திரி. இதில் டைக்ளோபெனாக், கீட்டோபுரோபென் போன்ற மருந்து இருக்கும். சுளுக்கு, தசைப்பிடிப்பு, மூட்டு வீக்கத்துக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். டைக்ளோபெனாக் என்பது வலிக்கு நாம் முழுங்கும் மாத்திரையில் இருக்கும் அதே மருந்து.

மூன்றாவது வகைதான் மரத்துப் போக வைக்கும் பிளாஸ்திரி. மருந்தின் பெயர் லிக்னோகைன். வெளிநாட்டில் லிடோகைன் என்பார்கள். பல் பிடுங்கும்போது ஈறில் போடும் மரப்பு ஊசி, தையல் போடும் முன்பு போடும் ஊசி, இதெல்லாம் இந்த மருந்துதான்.

நாலாவது வகை, பென்டனில், புப்ரினார்பின் என்ற மருந்துள்ள பிளாஸ்திரி. இது அபின் குடும்பத்து மருந்து. புற்றுநோய் போன்ற கடும் வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் மட்டும் கொடுப்பது. இதை வீட்டில் யாருக்காவது கொடுத்திருந்தால், "எனக்கும் இடுப்பு வலி, ஒண்ணு குடு" என்று எடுத்து ஒட்டவே கூடாது. மூச்சே நின்றுவிடும் ஆபத்து உண்டு.

ஆக, பிளாஸ்திரி வாங்கும்போது பிராண்டு பெயரைப் பார்க்காதீர்கள். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். தெரியவில்லை என்றால் கடையில் இருக்கும் மருந்தாளுநரைக் கேளுங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் உங்களோடு தங்கியிருந்தால் அவர்களுக்கும் படித்துச் சொல்லுங்கள்.

நாக்கில் வைத்தார்கள், மரத்துப் போனது

லிக்னோகைன் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1930-களில் சுவீடன் நாட்டில் பார்லி செடியில் இருக்கும் ஒரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதே போன்ற ஒன்றை ஆய்வகத்தில் தயாரித்த ஹோல்கர் எர்ட்மான் என்ற வேதியியல் நிபுணர், அதை நாக்கில் வைத்து ருசி பார்த்தார். நாக்கு மரத்துப் போனது!

அந்த வழியிலேயே போன நில்ஸ் லோப்கிரன் என்பவர், பெங்ட் லுண்ட்குவிஸ்ட் என்ற தன் மாணவரோடு சேர்ந்து 1943-ல் லிடோகைனைத் தயாரித்தார். லுண்ட்குவிஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்துப் பார்த்தார். 1948-ல் சைலோகைன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கும் நம்மூர் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பெயர்தான் நர்சுகள் வாயில் வரும்.

இது எப்படி வேலை செய்கிறது? வலி என்பது நரம்பு வழியாக ஓடும் மின்சார சேதி. நரம்பின் சுவரில் சோடியம் உள்ளே வருவதற்கு சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. அது திறந்தால்தான் சேதி அடுத்த கட்டத்துக்குப் போகும். லிக்னோகைன் போய் அந்தக் கதவை அடைத்துக்கொள்ளும். சேதி மூளைக்குப் போகாது. வலி தெரியாது.

இங்கே ஒரு விஷயம். ஊசியில் போட்டால் அந்த இடம் கட்டை மாதிரி ஆகிவிடும். பிளாஸ்திரியில் அப்படி ஆகாது. தோல் வழியாகக் கொஞ்சம்தான் உள்ளே போகும். வலிச் சேதி கொண்டுபோகும் மெல்லிய நரம்புகள் அடங்கும் அளவுக்கு மட்டும் மருந்து போகும். தொட்டால் தெரியும், வலி குறைவாக இருக்கும். இதுதான் அதன் கணக்கு. "ஒட்டியும் மரக்கல, இன்னொண்ணு ஒட்டுவோம்" என்று மேலே மேலே ஒட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உண்மையில் இது யாருக்காக வந்தது?

இதுதான் பலருக்குத் தெரியாத சேதி. லிடோகைன் 5 சதவீத பிளாஸ்திரிக்கு அமெரிக்காவின் மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 1999-ல் அனுமதி கொடுத்தது. எதற்கு? இடுப்பு வலிக்கு இல்லை. மூட்டு வலிக்கும் இல்லை. அக்கி வந்து ஆறிய பிறகும் போகாமல் இருக்கும் நரம்பு வலிக்கு!

அக்கி என்றால் நம்ம ஊரில் தெரியாதவர்கள் இல்லை. விலாவிலோ முதுகிலோ ஒரு பக்கமாக கொத்துக் கொத்தாக கொப்புளம் வரும். தீ பட்ட மாதிரி எரியும். குயவர் வீட்டுக்குப் போய் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வருவது இந்தப் பக்க கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம்.

அக்கி எங்கிருந்து வருகிறது? சின்ன வயதில் நமக்கு வந்த சின்னம்மை கிருமியேதான். அம்மை இறங்கி தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு வேரில் பதுங்கிக் கிடக்கும். வயதாகி, அல்லது சர்க்கரை நோய் போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறையும்போது தலைதூக்கும். அது பதுங்கியிருந்த நரம்பு எந்த வழியில் போகிறதோ அந்த வழியில்தான் கொப்புளம் வரும். அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக, பட்டை போட்ட மாதிரி வருகிறது.

கொப்புளம் சில வாரத்தில் காய்ந்துவிடும். ஆனால் சிலருக்கு, முக்கியமாக 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, நரம்பு கெட்டுப்போய் எரிச்சல் மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். சட்டை உரசினால் தாங்காது. பேன் காற்று பட்டால் தாங்காது. "புண்ணு ஆறிடுச்சு, அப்புறம் என்ன வலி? சும்மா சொல்றாரு" என்று வீட்டில் இருப்பவர்களே நினைப்பார்கள். அவர் சும்மா சொல்லவில்லை. அது உண்மையான வலி.

மரத்துப் போகும் பிளாஸ்திரி இந்தப் பெரியவர்களுக்குத்தான் வந்தது. புண் முழுசாக ஆறி, தோல் மூடிய பிறகு ஒட்ட வேண்டும். கொப்புளம் இருக்கும்போதே ஒட்டக்கூடாது. இதோடு நரம்பு வலிக்கு டாக்டர் கொடுக்கும் மாத்திரைகளும் உண்டு.

அதைவிட முக்கியம், அந்த நிலைமைக்கே போகாமல் பார்த்துக்கொள்வது. அக்கி கிளம்பிய 72 மணி நேரத்துக்குள், அதாவது 3 நாளைக்குள், ஆஸ்பத்திரிக்குப் போனால் அசைக்ளோவிர் போன்ற கிருமி எதிர்ப்பு மாத்திரையால் அக்கியின் வேகம் குறையும். அக்கி எழுதுவது நம்பிக்கை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 3 நாளைத் தவற விடாதீர்கள். கண் பக்கத்தில், நெற்றியில் அக்கி வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், பார்வைக்கே ஆபத்து. அக்கிக்கு 2 தவணை தடுப்பூசி 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. விலை அதிகம், வசதி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

அப்போ இடுப்பு வலிக்கு ஒட்டினால்?

ஒட்டினால் சிலருக்கு கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். ஆனால் இடுப்பு வலிக்கு லிக்னோகைன் பிளாஸ்திரி நிச்சயமாகக் கேட்கும் என்று சொல்லும் அளவுக்கு சான்று வலுவாக இல்லை. காரணம் சுலபம். மருந்து தோலுக்குக் கீழே கொஞ்ச ஆழம்தான் போகும். இடுப்பு வலி பெரும்பாலும் ஆழத்தில் இருக்கும் தசையிலும், எலும்பு இடையில் இருக்கும் வட்டிலும் கிளம்புவது.

உலகம் முழுக்க 2020-ம் ஆண்டில் 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 13 பேரில் ஒருவர்! நாள்பட்ட இடுப்பு வலிக்கு அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் முதலில் நிற்பது உடற்பயிற்சியும், வலியைப் பற்றிய விளக்கமும்தான். வழக்கமாகக் கட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அபின் வகை மருந்தும் வேண்டாம் என்றது.

பிளாஸ்திரியால் வரும் இன்னொரு வம்பு, வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமே உள்ளது. வலி என்பது உடம்பு அடிக்கும் மணி. "இதுக்கு மேல தூக்காதே" என்று சொல்வது. மணியின் வாயைக் கட்டிவிட்டு அதே பாரத்தைத் தூக்கினால், நேற்று சுளுக்காக இருந்தது நாளைக்கு வட்டு பிதுங்கலாக மாறலாம். தெரிவது குறையும், அடிபடுவது குறையாது. பிளாஸ்திரி ஒட்டின அன்றைக்கு ஓய்வு எடுங்கள், அல்லது இலகுவான வேலையை மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். ஒட்டிக்கொண்டு டபுள் ஷிப்ட் பார்ப்பதற்கு அது வரவில்லை. காயம் உண்டாகும் அளவுக்கு பாரம் தூக்க வைக்கக்கூடாது என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-வது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள்.

பண விஷயமும் இருக்கிறது. வேலை நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்துவிடுங்கள். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு வேலையில் காயம் பட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு கூலியில் 90 சதவீதம் வரை கிடைக்க வழி உண்டு. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு 10 நாள் ஓட்டிவிட்டு, 11-வது நாள் எழுந்திருக்க முடியாமல் போனால், "இது கம்பெனியில பட்ட அடிதான்" என்று நிரூபிப்பது கஷ்டம். வலியை மறைக்கப் போய் உரிமையும் போய்விடும்.

எப்படி ஒட்ட வேண்டும்?

5 சதவீத லிக்னோகைன் பிளாஸ்திரிக்கு உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு இது:

* ஒரு நாளில் 12 மணி நேரம் மட்டும். பிறகு கழற்றிவிட்டு அடுத்த 12 மணி நேரம் தோலை சும்மா விட வேண்டும்.

* ஒரே நேரத்தில் 3-க்கு மேல் ஒட்டக்கூடாது. டாக்டர் 1 என்று சொன்னால் 1 தான்.

* காயம், சிரங்கு, கீறல், வெடிப்பு இல்லாத தோலில் மட்டும். உடைந்த தோல் வழியாக மருந்து மளமளவென்று உள்ளே போய்விடும்.

* வியர்வையைத் துடைத்து, தோல் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். முடி இருந்தால் கத்தரியால் வெட்டுங்கள். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

* குளிக்கும்போது வேண்டாம். நனைந்தால் ஒட்டாது.

* ஒட்டியதும், கழற்றியதும் சோப்புப் போட்டு கை கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் கண் மரத்துவிடும். தூசி விழுந்தால்கூடத் தெரியாது.

* எரிச்சல், தடிப்பு வந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

கடையில் 4 சதவீதம் என்று போட்டும் வருகிறது. அதற்கு நேரக் கணக்கு வேறாக இருக்கலாம். அட்டையில் போட்டிருப்பதுதான் கணக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வது கணக்கு இல்லை.

வெட்டி ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 5 சதவீத லிக்னோகைன் பிளாஸ்திரியை பின்பக்க தாளை எடுக்கும் முன் தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் விற்கும் பிளாஸ்திரியின் குறிப்பு சொல்கிறது. ஆனால் பென்டனில் பிளாஸ்திரியை வெட்டவே கூடாது. வெட்டினால் மருந்து மொத்தமாக உடம்பில் இறங்கும் ஆபத்து இருக்கிறது.

சூடு பட்டால் வம்பு

கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பு உருக்கும் ஆலை, கம்பி இழுக்கும் ஆலை, வெல்டிங் பட்டறை ஏராளம். உலை முன்னால் நிற்கிறவர் பிளாஸ்திரியோடு நிற்கக்கூடாது. சூட்டில் தோலுக்குக் கீழே ரத்த ஓட்டம் கூடும். மருந்து வழக்கத்தைவிட வேகமாக உள்ளே போகும். பிளாஸ்திரி மேல் வெந்நீர் ஒத்தடம், சூடு தரும் பை, இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பெல்ட், எதுவும் கூடாது. ஒத்தடம் கொடுக்க வேண்டுமா? கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

மேலே பிளாஸ்டிக் சுற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த கொடுமையே சாட்சி. லேசர் மூலம் முடி எடுக்கும்போது வலிக்காமல் இருக்க 22, 25 வயதுப் பெண்கள் இருவர் காலில் மரப்பு களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார்கள். மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்தது. வலிப்பு வந்து, நினைவு தப்பி, இருவரும் இறந்துபோனார்கள். இதைச் சொல்லி 2007-ல் அந்த நாட்டு மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. தோலில் தடவுவதுதானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. 2024 மார்ச்சில் மறுபடியும் ஒரு எச்சரிக்கை வந்தது. அளவுக்கு அதிகமாக லிடோகைன் கலந்த சில களிம்புகளை ஆன்லைனில் விற்கிறார்கள், வாங்காதீர்கள் என்று. பச்சை குத்தும்போது வலிக்காமல் இருக்க இளைஞர்கள் தடவுவது இந்த மாதிரி சரக்குதான்.

மெந்தால் பிளாஸ்திரியும் லேசுப்பட்டது இல்லை. மெந்தால், மீதைல் சாலிசிலேட் கலந்த களிம்பு, பிளாஸ்திரியால் சிலருக்கு தோல் வெந்துபோய் கொப்புளம் வந்ததாக 2012-ல் அதே அமைப்பு சொன்னது. கீட்டோபுரோபென் ஒட்டிய இடத்தில் வெயில் பட்டால் சிலருக்கு தோல் பொசுங்கும். வயல் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா? எந்தப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில பிளாஸ்திரிகளின் பின்பக்கத்தில் உலோகத் தகடு இருக்கும். ஸ்கேன் எடுக்கும்போது சூடேறி தோலைச் சுட்டுவிடும்.

கழற்றிய பிளாஸ்திரி குப்பை இல்லை, மருந்து

ஒரு 5 சதவீத பிளாஸ்திரியில் 700 மில்லி கிராம் லிடோகைன் இருக்கும். 12 மணி நேரத்தில் உடம்புக்குள் போவது சுமார் 3 சதவீதம்தான். மீதி எங்கே? கழற்றி வீசின பிளாஸ்திரியிலேயே! 650 மில்லி கிராமுக்கு மேல் அதிலேயே இருக்கும்.

வீட்டில் தவழும் குழந்தை அதை எடுத்து வாயில் வைத்துச் சப்பினால் விபரீதம்தான். நாய்க்கும் அப்படியே. கழற்றியதும் ஒட்டும் பக்கத்தை உள்பக்கமாக மடித்து, தாளில் சுற்றி, குழந்தை கைக்கு எட்டாமல் மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். கட்டில் ஓரத்தில் ஒட்டி வைப்பது, ஜன்னலில் வைத்துவிட்டு மறப்பது வேண்டாம்.

யாரெல்லாம் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக்கூடாது?

* மரப்பு ஊசி போட்டபோது அரிப்பு, மூச்சிரைப்பு வந்தவர்கள்.

* கல்லீரல் கெட்டவர்கள். லிக்னோகைனை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல்தான். குடிப்பழக்கத்தால் மஞ்சள் காமாலை வந்தவர்களும் இதில் சேர்த்தி.

* இதயத் துடிப்பு சீராக இல்லை என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

* கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். குழந்தைகளுக்கு ஒட்டவே வேண்டாம்.

* சர்க்கரை நோயாளிகள். பாதத்தில் ஏற்கனவே உணர்ச்சி குறைந்திருக்கும். அதன் மேல் மரப்பு பிளாஸ்திரியும் ஒட்டினால் முள் குத்தினாலும் தெரியாது.

* டைக்ளோபெனாக் பிளாஸ்திரி என்றால் வயிற்றுப் புண், கிட்னி கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள். அதே மருந்தை மாத்திரையாக முழுங்கிக்கொண்டே பிளாஸ்திரியும் ஒட்டுவது இரட்டை டோஸ்.

* ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் சாப்பிடுகிறவர்கள் சாலிசிலேட் கலந்ததை ஒட்டினால் ரத்தக் கசிவு அதிகமாகலாம்.

பிளாஸ்திரி ஒட்டியபின் தலைசுற்றல், காதில் ரீங்காரம், வாயைச் சுற்றி மரப்பு, நாக்கில் இரும்பு ருசி, கண் மங்கல், கை நடுக்கம் வந்தால் மருந்து ரத்தத்தில் அதிகமாகிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். பிய்த்து எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கவரையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இந்த வலிக்கு பிளாஸ்திரியே கூடாது

இடது தோள், கை, தாடை, நடு முதுகில் அழுத்துகிற வலி. கூடவே வியர்வை, மூச்சு முட்டல், குமட்டல். இது மாரடைப்பாக இருக்கலாம். "நேத்து மூட்டை தூக்கினேன், பிடிப்பா இருக்கும்" என்று பிளாஸ்திரி ஒட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போகக்கூடும். உடனே 108-க்கு போன் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதல் டோஸ் மாத்திரை கொடுக்கும் இதயம் காப்போம் திட்டத்தை தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்தது. பக்கத்து நிலையத்துக்குப் போனாலும் நேரம் மிச்சம்.

இடுப்பு வலியோடு கால் இழுத்துக்கொள்வது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, உட்காரும் இடம் மரத்துப் போவது, இவை இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. தண்டுவட நரம்பு நசுங்கியிருக்கலாம். நாள் கடந்தால் கால் திரும்பாது. காய்ச்சலோடு முதுகு வலி, காரணம் இல்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, இவற்றையும் பிளாஸ்திரியால் மூடாதீர்கள்.

எங்கே போவது?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பெரிய சிகிச்சை என்றால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அல்லது மின்சார ரெயில் ஏறினால் சென்னை. மாதம் 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வரலாம் என்று 2017 ஜனவரியில் வரம்பை உயர்த்தினார்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா, கார்டு கையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் கேட்டு வாங்க வேண்டும்.

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும், வலி நிவாரண கவனிப்பு கொடுப்பதும் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு. கிராம சுகாதார நர்சிடம் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே குறையும். படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடமாட வேண்டும். குனிந்து தூக்காமல் முழங்காலை மடக்கி, சுமையை நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும். கனமான பொருளுக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். இதற்குக் காசு இல்லை.

பிளாஸ்திரி கெட்டது இல்லை. அக்கி வலியில் சட்டை போட முடியாமல் தவிக்கும் ஒரு பெரியவருக்கு அது வரப்பிரசாதம். அடுத்த தடவை கடையில் கேட்கும்போது "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதுல என்ன மருந்து, எவ்வளவு நேரம் வைக்கணும், எனக்கு சர்க்கரை இருக்கு, பரவாயில்லையா?" என்று கேளுங்கள். அதைக் கேட்க ஒரு நிமிஷம் போதும். 3 நாள் ஒட்டியும் வலி போகவில்லை என்றால் நாலாவது பிளாஸ்திரி வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு பஸ் ஏறி டாக்டரைப் பாருங்கள்.